மூல பாஷை ஆனந்தராஜ்

மேடையில் ஆனந்தராஜ் எபிரேயத்தில் ஜெபிக்கத் தொடங்கியதும் பந்தலே அடங்கிப்போனது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் பெண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திண்டிவனத்தில் அது உபவாசக் கூட்டத்தின் கடைசி நாள். வேதம் பிறந்த பாஷையிலேயே வேதம் சொல்கிறவர் என்று ஊரெல்லாம் அவருக்கு பேனர் கட்டியிருந்தார்கள். பழைய ஏற்பாடு எபிரேயத்தில், நடுவில் கொஞ்சம் அரமேயத்தில், புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் என்று விரல் மடக்கிச் சொன்னார். எபிரேயத்தை வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கமாக வாசிக்க வேண்டும் என்று காற்றில் கோடு இழுத்தே காட்டினார்.

பழைய ஏற்பாட்டை முதலில் கிரேக்கத்துக்கு மாற்றிய மூப்பர்களின் கதையையும் அவர் விடவில்லை. ஆளுக்கொரு அறையில் அடைத்து வைத்தும் அத்தனை பேரும் ஒரு சொல் பிசகாமல் ஒரே மாதிரி எழுதினார்களாம்.

“நம்ம ஊர்ல ரெண்டு பேரு அப்பிடி எழுதுனா பிட்டு அடிச்சான்னு புடிச்சிக்கினு போவாங்க. அங்க அத அற்புதம்னுட்டாங்க” என்றார். பந்தல் சிரித்தது.

சிரிக்காமல் இருந்தவர்கள் முன்வரிசையில் விழுப்புரம் பெருவிழாக் கமிட்டிக்காரர்கள். பெருவிழாவுக்கு யாரைப் பேச்சாளராகப் போடுவது என்று ஆள் பார்க்க வந்திருந்தார்கள். அந்த மேடைக்காக ஆனந்தராஜ் வருஷக்கணக்காக ஏங்கிக் கிடந்தவர்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அவருக்குக் கதை தெரியும், பாஷை தெரியாது.

ஆதியாகமத்தின் முதல் சில சொற்களை யூடியூபில் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். அதற்கு மேல் தேவைப்பட்டால் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ் நிற்கிற ஊர்களின் பெயர்களைத் தலைகீழாகச் சொல்வார். தொண்டையைச் செருமி “டிவாண் ரகிவிக்” என்று உருகினால், அது விக்கிரவாண்டி என்று யார் கண்டார்கள்?

ஜெபம் முடிந்து உட்காரப் போனவரை, சபைப் போதகர் தேவா கையைப் பிடித்து நிறுத்தினார். மைக்கை வாங்கினார்.

“நம்ம சபை மருமக வேணி, இஸ்ரேல்ல வயசானவங்களப் பாத்துக்கற வேலைல இருந்துட்டுப் போன வாரந்தான் ஊருக்கு வந்தாங்க. எருசலேம்லேர்ந்து எபிரேய வேதாகமம் ஒண்ணு சபைக்குக் கொண்டாந்திருக்காங்க. ஐயா அதுல கொஞ்சம் வாசிப்பாரு. சிஸ்டர் அதத் தமிழ்ல சொல்லுவாங்க.”

ஆனந்தராஜ் மேடையின் படிக்கட்டைப் பார்த்தார். இத்தனை வருஷம் தமிழ்நாட்டில் ஓட்டிய வண்டி, இஸ்ரேல்காரியிடம் வந்தா மாட்ட வேண்டும்?

வேணி மேடையேறினாள். கீழே அவள் மாமியார், பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் மருமகளைக் கை காட்டிக்கொண்டிருந்தாள். வேணி ஆனந்தராஜின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கறுப்பு அட்டைப் புத்தகத்தை நடுவில் பிரித்து, ஒரு வரிக்கு அடியில் விரலை வைத்து இடமிருந்து வலமாக இழுத்தாள்.

“இங்கேர்ந்துங்க ஐயா.”

எழுத்துகள் கொக்கியும் புள்ளியுமாக அவரை முறைத்தன. தப்பிக்க வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு முதலில் மனப்பாடத்தை எடுத்து விட்டார். பிறகு பஸ் கிளம்பிவிட்டது.

“டுபட் ரிப்டே கூட்… டிவாண் ரகிவிக்… கம்பாக் யம்டிமுண்.”

கூட்டேரிப்பட்டில் ஏறி, விக்கிரவாண்டியைத் தாண்டி, முண்டியம்பாக்கத்தில் இறங்கிவிட்டார். விழுப்புரம் வரைக்கும் போகத் தைரியம் வரவில்லை.

பந்தல் மொத்தமும் வேணியின் வாயையே பார்த்தது. ஆனந்தராஜ் அந்தக் கூட்டத்திலேயே உண்மையாக ஜெபித்தது அந்த ஒரு நிமிஷந்தான். அதுவும் தமிழில்.

கடைசியில் அவள் மைக்கை வாங்கினாள். “வழியெல்லாம் நான் கூடவே வந்து, உன்னப் பத்திரமா வூடு கொண்டாந்து சேப்பேன்னு ஆண்டவர் சொல்றாருங்க.”

பந்தல் ‘ஆமென்’ என்று அதிர்ந்தது. ஆனந்தராஜ் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். விழுப்புரம் கமிட்டித் தலைவர் அங்கேயே மேடையேறி வந்து பெருவிழாவுக்குத் தேதி கேட்டார்.

கூட்டம் கலைந்ததும், பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் வேணி தனியாக வந்து நின்றாள். மானத்தைக் காப்பாற்றியவள் இப்போது என்ன கேட்பாளோ? ஆனந்தராஜ் அவள் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்து குனியப் போனார்.

“ஐயா, நீங்க வாசிச்சதுல ஒரு வார்த்தகூட எனக்குப் புரியலைங்க” என்றாள்.

“அது வந்தும்மா…”

“எனக்கு அந்த பாஷையே தெரியாதுங்க. ஏஜென்ட்டு பணத்த வாங்கிக்கினு பெங்களூர்ல வுட்டுட்டு ஓடிட்டான். இத்தினி வருசமும் அங்கதான் ஒரு வூட்ல வேல பாத்துக்கினு இருந்தேன். மாமியாருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்னு இஸ்ரேல்னே சொல்லிக்கினு இருக்கேன். புக்கு கூட ஆன்லைன்ல வாங்குனதுதாங்க.”

அவள் கண் கலங்கக் கைகூப்பினாள். “வாய்க்கு வந்தத அர்த்தம்னு சொன்னேன். படிச்சவரு நீங்க. நெனச்சிருந்தா மேடையிலயே என் மானத்த வாங்கியிருக்கலாம். காட்டிக் குடுக்காம தலையாட்டுனீங்களே ஐயா.”

ஆனந்தராஜ் குனிந்த முதுகை மெதுவாக நிமிர்த்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் தலைமேல் கையை வைத்தார்.

“பொய் சொல்றது பாவம்மா.”