வாசலைப் பார்த்த ஸ்பீக்கர்

உள்ளறையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பின்னாலேயே கரகரத்த குரல் ஒன்று, "யாருடி அது வாசல்ல?" என்று அதட்டியது.

கதவைத் திறந்த பெண்மணியை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்த டெசிபல், சட்டென்று பார்வையைத் தன் கைப்பைக்கு இறக்கிக்கொண்டான். ஸ்பீக்கர் கனெக்‌ஷன் கொடுக்க வந்திருப்பதாக, உள்ளே இருப்பவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான். அந்த வட்டாரத்தில் பாதி வீட்டுச் சத்தம் அவன் கைபட்டதுதான். சத்தத்தை அளக்கும் அலகே அவனுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டதும் அப்படித்தான்.

கூடத்தில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் இருந்தன. யாரோ கழித்துக் கட்டியதை வாங்கியிருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. குனிந்து பின்பக்கம் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளே முயற்சி செய்து, 'அவுட்' என்று எழுதியிருந்த ஓட்டையில் ஒயரைச் சொருகி வைத்திருந்தாள்.

"ஏன் மேடம், இது சத்தம் வெளிய வர்ற வழி. தண்ணி கொட்டுற குழாய்க்குள்ளயே தண்ணிய ஊத்திட்டு, தொட்டி ரொம்பலையேன்னா எப்படி?"

அவள் அந்த ஒயரை உருவி அவன் கையில் கொடுத்தாள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. அவனைப் பொறுத்தவரை மனிதர்கள் இரண்டே ரகம். ஒயர் தெரிந்தவர்கள் ஒரு ரகம், வாயை மூடிக்கொண்டு அவன் சொல்வதைக் கேட்க வேண்டியவர்கள் இன்னொரு ரகம்.

எதிலிருந்து சத்தம் வர வேண்டும், கம்ப்யூட்டரா, போனா என்று கேட்டான். சின்ன மியூசிக் பிளேயர் ஒன்று அறையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தக் குரல் மறுபடியும் எதையோ அதட்ட ஆரம்பித்து, பாதியில் நின்றது. பரவாயில்லையே, புருஷன் வாயை அடைக்கவாவது தெரிந்து வைத்திருக்கிறாளே என்று டெசிபல் நினைத்துக்கொண்டான்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, பொடி ஸ்பீக்கர் ஒன்றைத் தன்னுள்ளேயே வைத்திருந்த உள்ளங்கை அளவுப் பிளேயரை நீட்டினாள். செத்த கரப்பானைத் தூக்குவதுபோல் அவன் அதை இரண்டு விரலால் வாங்கினான். இதையெல்லாம் குப்பைக்காரர்கூட எடுப்பதில்லை என்றான். ஒயரின் ஒற்றை முனையைப் பிளேயரின் ஹெட்போன் ஓட்டையிலும், சிவப்பும் வெள்ளையுமான இரட்டை முனையை ஆம்ப்ளிஃபயரின் 'இன்' ஓட்டைகளிலும் சொருகினான். பிளேயரில் சத்தத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, மீதியை ஆம்ப்ளிஃபயரில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் குரல் உடைந்துபோகும் என்று சொல்லிக் கொடுத்தான். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கண்ணை மூடித் திறந்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் இழுத்து இழுத்துச் சொன்னான்.

ஸ்பீக்கர்களை சோபாவைப் பார்த்து வைத்தபோதுதான் தகராறு வந்தது. ஒன்று வாசல் கதவைப் பார்க்க வேண்டுமாம். இன்னொன்று கொல்லைப்பக்கத்து ஜன்னலை. உட்கார்ந்து கேட்பவருடைய காது எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஸ்பீக்கர் பார்க்க வேண்டும் என்று அவன் தலையிலடித்துக்கொண்டு சொன்னான்.

"கேக்க வேண்டியவங்க அங்கதான் நிப்பாங்க" என்றாள் அவள்.

அக்கம்பக்கத்தில் பவுசு காட்டத்தான் இவ்வளவும் என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று. சாரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னான். அவரிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்றாள். இருந்தாலும் சாத்திய கதவைப் பார்த்து, "சார்" என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். பதிலே இல்லை.

அந்த மனிதர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச பயமும் அதோடு போயிற்று. வீட்டுக்குள் வேற்று ஆள் நடமாடும்போது கட்டிலைவிட்டு எழுந்து வரத் துப்பில்லை, அதட்டலுக்கு மட்டும் குறைச்சலில்லை. டெசிபல் சாவகாசமாகத் தரையில் காலை நீட்டிக்கொண்டான். டீ கிடைக்குமா என்றான். சார் வேலைக்கே போவதில்லையா, எல்லாவற்றுக்கும் இவள்தான் அல்லாட வேண்டுமா என்று துருவினான். 'மேடம்' எப்போதோ 'ஏம்மா' ஆகியிருந்தது.

"இப்படி ஒரு ஆளோட எப்படித்தான் காலந்தள்ளுறியோ" என்று இன்னும் ஒரு படி இறங்கினான்.

அவள் முகம் மாறவில்லை. வேலை முடிந்துவிட்டதே, கிளம்பலாமே என்றாள். அதெப்படி, சத்தம் பார்க்காமல் ஒரு வீட்டை விட்டும் தான் இறங்கியதில்லை என்றான். வேண்டாம், தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவள் கையை நீட்டுவதற்குள், ஒரு கையால் ஆம்ப்ளிஃபயரைத் திருகி, இன்னொரு கையால் பிளேயரின் பொத்தானை அமுக்கிவிட்டான்.

கூடமே தொண்டையைக் கனைத்தது.

"யாருடி அது வாசல்ல?"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நீட்டியிருந்த கால்கள் தாமாகவே மடங்க, டெசிபல் விழுந்தடித்து எழுந்தான். சட்டைப் பொத்தானைத் தடவியபடி சாத்திய கதவைப் பார்த்து நின்றான்.

"நான்தான் சார்... கனெக்‌ஷன் குடுக்க வந்த ஆளு. முடிஞ்சுது சார், இதோ கிளம்பிட்டேன்."

அவள் குனிந்து பிளேயரை நிறுத்தினாள். அவசரமே இல்லாமல் நடந்துபோய், அறைக் கதவை விரியத் திறந்து வைத்தாள். உள்ளே ஒற்றைக் கட்டில், அதன்மேல் மடித்த புடவைகள். வேறு யாரும் இல்லை.

டெசிபல் அறையைப் பார்த்தான், பிளேயரைப் பார்த்தான். 

"அப்போ... சார் எங்க, மேடம்?"

"அவனை எப்பவோ வெளிய தள்ளிட்டேன். தொண்டைய மட்டும் வச்சுக்கிட்டேன்."