இருபத்து மூன்றாம் நம்பர்

"இருபத்து மூணு."

"எஸ் சார்."

"இருபத்து நாலு."

"எஸ் சார்."

பேராசிரியர் கிறிஸ்துதாஸின் பேனா நின்றது. இரண்டு நம்பருக்கும் ஒரே மூக்கடைப்பு.

ரெஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமலே அட்டெண்டன்ஸ் எடுப்பவர் அவர். ஆனால் காது பாம்புக் காது.

"இருபத்து மூணுக்குக் குரல் கொடுத்தது யாரு?"

மெரின் எழுந்தாள். கையில் கர்ச்சீப், சிவந்த மூக்கு.

"நான் தான் சார். இருபத்து நாலு."

"வெளிய வா. ஏம்மா, ஓரத்துல உக்காந்திருக்கியே, நீ கொஞ்சம் தள்ளு. அவ வரட்டும்."

ஓரத்துப் பெண் பையை அணைத்துக்கொண்டு பதறி எழுந்து, வழி விட்டு நின்றாள். மெரின் மேஜைக்கு வந்தாள்.

"எத்தனை நாளா நடக்குது இந்த ப்ராக்ஸி?"

"ரெண்டு வருஷமா சார்."

கிறிஸ்துதாஸ் ரெஜிஸ்டரில் விரலை ஓட்டினார்.

"இருபத்து மூணு... லினெட். ஓகோ, அக்கவுண்ட்ஸ்ல தொண்ணூத்தாறு வாங்குனவ. பேப்பர்ல மார்க் வருதுங்கற திமிரு. எந்த ஊரு அவளுக்கு?"

"தவளக்குப்பம் சார்."

"பஸ் ஏறி நேரா பீச்சுக்குப் போயிடறாளாக்கும். முப்பது வருஷ சர்வீஸ்மா எனக்கு. என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது. நீ போட்டதையெல்லாம் அடிச்சா அவளுக்கு எழுபத்தஞ்சு பர்சென்ட் தேறாது. ஹால் டிக்கெட் கிடையாது. பரீட்சையும் கிடையாது."

சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"சார், அடிச்சிடாதீங்க சார். அவ எங்கயும் சுத்தல. தினமும் வகுப்புக்கு வர்றா. நம்பர் கூப்பிட்டா அவளுக்குத் தொண்டை அடைச்சிக்கும். எல்லாரும் தன்னையே பாக்கறாங்கன்னு பயம். ஆள் வர்றா சார், குரல் தான் வர்றதில்ல."

"அதை எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?"

"ஸ்டாஃப் ரூம் வாசல் வரைக்கும் நாலு தடவை வந்தா. அங்கயும் குரல் வரல. முதல் வருஷம் உங்க எதிர்லயே உக்காந்துகிட்டு இருபது நாள் ஆப்சென்ட் வாங்குனா சார். பாக்க முடியல. அதான் நானே சொல்ல ஆரம்பிச்சேன்."

"கதை விடாத. என் வகுப்புல, எனக்குத் தெரியாம எவ அது? காட்டு பாப்போம்."

மெரின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப தள்ளச் சொன்னீங்களே சார். நீங்க திரும்ப உக்காரச் சொல்லல. இன்னும் நின்னுகிட்டு தான் இருக்கா."