கதவுக்கு வெளியே

ஜெப ஆலயத்தில் மேடைப் படியில் ஏறிய என் மகனை ரஹமீம் என்பவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அத்தனை பேர் பார்க்க.

பெண்கள் மாடியில்தான் உட்காரவேண்டும். மரத்தட்டி இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யிஷாய்க்கு ஆறு வயது. இத்தனை நாளும் மாடியில் என்னோடு நின்றவன். அன்று காலையில், "நான் என்ன பொம்பளையா? அப்பாகூடத்தான் போவேன்" என்று கீழேயே தங்கிவிட்டான்.

அவன் அப்பா எல்கானா ஆசாரியர் வம்சம், அந்தக் காலத்துக் கோயில் குருமார் பரம்பரை. ஓய்வுநாள் தொழுகையில் ஆசாரியர்கள் ஷூவைக் கழற்றிவிட்டு, கை கழுவி, மேடையேறி, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஆசி சொல்வார்கள். அவர்கள் பெற்ற சின்னப் பையன்களும் பின்னாலேயே ஏறி நிற்பார்கள். அதைப் பார்த்து யிஷாயும் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினான். எல்கானாவுக்குத் தெரியாது. சால்வைக்குள் இருந்தார்.

"பச்சப்பிள்ளைய அப்படியா பிடிச்சு இழுக்கிறது?" என்றாள் எனக்குப் பின்னால் ஒருத்தி.

"பின்ன என்ன பண்ணச் சொல்றே?" என்றாள் சிம்ஹா. அந்த ஜெப ஆலயத்தில் அவளுக்குத் தெரியாத சேதி கிடையாது. "தத்துப்பிள்ளைடி அது. அப்பன் ஆசாரியன்னா இவனும் ஆசாரியன் ஆயிடுவானா? அது பிறப்புல வரணும். இன்னிக்கு ஏத்திவிட்டா நாளைக்கு ஊரே நம்பிடும்."

என் காதில் விழும் என்று தெரிந்துதான் சொன்னாள். ஜெருசலேமில் இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்து இரண்டு மாதம். பேச ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் எனக்குச் சட்டென்று பேச்சு வராது.

அவள் சொன்னது பொய்யும் இல்லை. நாலு மாதக் குழந்தையாக அவனை வாங்கி வந்தோம். பெற்றவள் வேறு மதம். மூன்று நீதிபதிகள் பார்க்க, முழுக்குக் குளத்தில் முக்கி எடுத்தோம். யூதன் ஆனான். தாளில் 'ஆபிரகாமின் மகன்' என்று எழுதினார்கள். எல்கானாவின் மகன் என்று எழுதவில்லை. கிளம்பும்போது பெரிய நீதிபதி சொன்னார்:

"பதிமூணு வயசுல அவனுக்கு உரிமை இருக்கும்மா. எனக்கு இது வேணாம்னு அவன் சொல்லிட்டா, இதெல்லாம் இல்லைன்னு ஆயிடும்."

அதிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். யாராவது விளையாட்டில் சேர்க்காமல் விட்டால், யாராவது முறைத்தால், இதை வைத்துக்கொண்டு 'வேணாம்' என்று சொல்லிவிடுவானோ. இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. இன்று நடந்ததை மறப்பானா?

ரஹமீம் இறக்கியதோடு விடவில்லை. கூடத்தின் நடுவே நடத்திக்கொண்டு போய், பின்கதவுக்கு வெளியே கூட்டிப் போய்விட்டார்.

நான் எழுந்தேன். அதற்குள் கீழே "ஆசாரியர்களே" என்று குரல் கொடுத்துவிட்டார்கள். ஆசி முடிகிறவரை அசையக் கூடாது, நிமிர்ந்து பார்க்கவும் கூடாது. கீழே அப்பாக்கள் எல்லாம் சால்வையை விரித்துப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

நான் முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டேன். வாராவாரம் அதற்குள் என் வயிற்றில் முட்டிக்கொண்டு ஒரு தலை நிற்கும். இன்று நான் மட்டும்.

மொத்தம் பதினைந்து வார்த்தைதான் அந்த ஆசி. முடியவே இல்லை.

முடிந்ததும் இறங்கி ஓடினேன். முற்றத்துப் படியில் யிஷாய் உட்கார்ந்திருந்தான். ரஹமீம் அவன் ஷூவைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பையன் மேடையேறக் கூடாதும்மா."

"தெரியும்ங்க."

"அடுத்த வாரமும் இங்கயே வந்து நிக்கட்டும்."

"வெளியிலயா?" என்றேன்.

"ஆமா. வெளியிலதான்."

எழுந்து போய்விட்டார். பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டேன். சட்டைக்கை சில்லென்று இருந்தது.

"என்னடா நனைஞ்சிருக்கு? அழுதியா?"

"நான் எங்க அழுதேன்? அந்த மாமா கை ஈரமா இருந்துச்சு."

"திட்டினாரா?"

"இல்லம்மா. சால்வைய விரிச்சு என்னை உள்ள விட்டுக்கிட்டாரு. உள்ள புதினா வாசனை. இதுக்குள்ள யாருமே வந்ததில்லையாம், நான்தான் முதல் ஆளாம்." குரலைத் தாழ்த்தினான். "அவருக்கு எப்படி நிக்கணும்னே தெரியலம்மா. 'நான் இப்படி நின்னதே இல்லடா, நீ சொல்லிக்குடு'ன்னாரு. தலையக் குனிங்கன்னு நான்தான் சொன்னேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வயதானவர், நிற்கத் தெரியாமலா இருப்பார்?

சிம்ஹா கேக் தட்டோடு வந்தாள். "ஏன் ரெண்டு பேரும் ஓரமா நிக்கிறீங்க? எடுத்துக்கோ." பிறகு என் காதோரம் குனிந்தாள். "ஆமா, ரஹமீமைக் கவனிச்சியா?"

"என்னக்கா?"

"முப்பது வருஷமா ஒரு வாரம் தப்பாம மேடையேறின ஆசாரியன். இன்னிக்குக் கை கழுவிட்டு, படி வரைக்கும் போயிட்டு, கூப்பிடுறதுக்கு முன்னாடி வெளிய போய் நின்னுக்கிட்டான். கூப்பிடும்போது உள்ள இருக்கிற ஆசாரியன் ஏறியே ஆகணும். ஏறாம ஒருத்தன் வெளிய நின்னா என்ன அர்த்தம்? கல்யாணத்துலயோ வம்சத்துலயோ ஏதோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். விசாரிக்கணும்."

நான் யிஷாயின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

ரஹமீம் கை கழுவின ஈரம் அதில் இன்னும் காயவில்லை.