எங்கள் வீட்டில் இரண்டே பேர்

“எங்கட சந்து எண்டபடியாத்தானே ஸ்டேஷனைத் தூக்கினீங்கள்?”

கோயில் தலைவர் கதிர்காமநாதன் மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணிக் கோப்பைகள் துள்ளின.

கொழும்பு வெள்ளவத்தையில் அந்தச் சந்து முழுக்க அன்று கோயில் மண்டபத்தில்தான் இருந்தது. தலைக்கு மேலால் ஓடப்போகிற புது ரயிலின் பாதைப் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். போன வருஷத்துப் படத்தில் சந்து முனையில் ஸ்டேஷனுக்கு ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. இந்தப் படத்தில் அதைக் காணவில்லை.

அந்தப் புள்ளியை நம்பித்தான் கதிர்காமநாதன் இருந்தார். மனைவி நேசமலருக்குக் கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யவேணும். பஸ்ஸில் நின்றுகொண்டு போய் மயங்கி விழுந்து, கண்டக்டர் தண்ணி தெளித்து எழுப்பின நாளும் உண்டு. இன்றைக்கும் கையில் பிளாஸ்டரோடு முன்வரிசையில்தான் இருந்தா.

“பக்கத்துப் பாமன்கடைக்கு ஸ்டேஷன் இருக்கு. எங்களுக்கு மட்டும் இல்லை. ஏன், நாங்கள் மனுசர் இல்லையோ?”

தலைவரின் கேள்விக்கு மண்டபமே கைதட்டியது.

திட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த ரூபிகா எழும்பினாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயசிருக்கும்.

“அங்கிள், கடன் குடுக்கிற வங்கி, ஆள் கணக்குப் பாத்துத்தான் ஸ்டேஷனுக்கு சல்லி ஒதுக்கும். அதுக்குத்தான் வீடு வீடா வந்து, எத்தன பேர் இருக்கீங்க, தினம் எங்க போறீங்கன்னு கேட்டாங்க. இந்தச் சந்துல முப்பத்தாறு வீடு. தினம் வெளிய போறவங்க...” கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “நாலு பேர்.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது.

“நாலு பேரா?” முனைக்கடை இன்ஸாப் எழும்பினார். “புள்ள, என்ட வீட்டுல மட்டும் ஒம்பது பேர் ஈக்கிற!”

“நீங்க குடுத்த ஃபோர்ம்ல ரெண்டு பேர்தான் இருக்கு.”

இன்ஸாப் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

கதிர்காமநாதன் விடுகிற ஆளா? “ஒபிஸில இருந்து நீங்களே எழுதிப்போட்டு வந்து எங்களுக்குக் கதை விடுறியளோ? எங்கை, ஒரு ஃபோர்மைக் காட்டுங்கோ பாப்பம்!”

ரூபிகா கட்டிலிருந்து ஒரு தாளை உருவினாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு வாசித்தாள்.

“பதினேழாம் நம்பர் வீடு. இருப்பது இரண்டு பேர். வேலைக்குப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கோயிலுக்கும் போவதில்லை.”

“கோயிலுக்குமோ! ஆரப்பா அந்தப் பாவி?” என்று பின்வரிசையில் ஒரு குரல்.

“கையெழுத்து...” ரூபிகா நிமிர்ந்து பார்க்கவில்லை. “க. கதிர்காமநாதன்.”



நேசமலர் மெல்லத் திரும்பினா. “இஞ்சேருங்கோ, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேல்லையெண்டோ எழுதிக் குடுத்தனீங்கள்?”

அவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

“அண்ணன்,” என்றார் இன்ஸாப், “நீங்கதானே முன்கூட்டியே வீடு வீடா வந்து சொன்ன? ‘ஃபைலோட ஆக்கள் வாறாங்க. யார் கேட்டாலும் ரெண்டே பேர், எங்கயும் போறல்ல எண்டு சொல்லுங்க’ எண்டு? ரயிலுக்குத்தான் கேக்கிற எண்டு அவங்க சொன்னாங்க. யார் நம்பின?”

முப்பத்தாறு வீட்டுக் கண்ணும் அவர் மேல் விழுந்தது. ஸ்டேஷனைத் தூக்கினது யார் என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை.

அவர் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

“தொண்ணூற்றாறாம் ஆண்டு, சண்டைக் காலம், பொலிசும் இப்பிடித்தான் ஃபைலோட வந்து கேட்டவை. எங்கட மேல் அறையில ஒரு பெடியன் இருந்தவன். படிக்க வந்தவன். நான் ஒண்டும் மறைக்கேல்லை. பேர், ஊர், எத்தினை மணிக்குப் போறவன், எத்தினைக்கு வாறவன், எல்லாம் என்ர கையாலதான் எழுதிக் குடுத்தனான்.” ரூபிகாவின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “அடுத்தநாள் வகுப்புக்குப் போனவன். வரேல்லை.”

நேசமலர் பிளாஸ்டர் போட்ட கையை அவர் முழங்காலில் வைத்தா.

ரூபிகா பக்கத்தில் வந்து, எழுதாத தாள் ஒன்றையும் பேனையையும் மேசையில் வைத்தாள்.

“திரும்பக் கணக்கெடுக்கப் பத்து நாள் இருக்கு அங்கிள். இந்தத் தரம் உள்ளத எழுதுங்க.”

எழுதினார். முதல் வரியில் தன் பேர். இரண்டாவது வரியில் நேசமலர். மூன்றாவது வரியில் பேனை நின்றுவிட்டது. அதே மேல் அறையில் இப்போது இருப்பது தங்கச்சியின் மகன் கார்த்திகன். வடக்கே கிளிநொச்சியிலிருந்து வேலைக்கு வந்தவன். தினமும் கொழும்புக் கோட்டைக்குப் போய் வருகிறவன்.

“பிள்ளை, இந்தத் தாள் வேற இடத்துக்குப் போகாதோ?”

“போகாது அங்கிள்.”

“உங்களுக்கென்ன, லேசாச் சொல்லுவியள். ஃபைல் கொண்டு திரியிறவை நீங்கள்.” அவருக்குத் திரும்பவும் கோபம் வந்தது. “உங்கட வீட்டில வந்து கேட்டா, உங்கட அம்மா உண்மையைச் சொல்லுவாவோ?”

ரூபிகா கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். அதே ஃபோர்ம். விலாசம் ஜிந்துப்பிட்டி, கொழும்பு 13.

“எங்க ஸ்டேஷனும் போயிருச்சு, அங்கிள்.” ஒரு வரியை விரலால் தொட்டாள். “இந்தக் கேள்வி எல்லாம் எழுதினதே நான்தான். எங்க அம்மா, தனக்குப் புள்ளையே கிடையாதுன்னு பதில் எழுதிக் குடுத்திருக்காங்க.”