கசிவு இல்லை

மூடப்போகும் அணுமின் நிலையத்தைச் சோதிக்க அரசு அனுப்பிய அதிகாரி மரகதவல்லி. அவள் வந்து உட்கார்ந்ததும் மேலாளர் டீயோடு அறிக்கையையும் கொண்டுவந்து வைத்தார். இருபத்தாறு பக்கமும் தட்டச்சாகி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. ‘எரிந்து தீர்ந்த அணு எரிபொருள் கோல்கள் கிடக்கும் தண்ணீர்த் தொட்டியில் கசிவு இல்லை’ என்ற வரியில் அவள் விரல் நின்றது.

“தொட்டியைப் பாக்கணும்.”

“சாவி தலைமை ஆபீஸ்ல இருக்கு மேடம். போன தடவை வந்த சார் இங்க உக்காந்தே கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு.”

அவள் எழுந்து நடந்தாள். மேலாளர் பின்னாலேயே ஓடிவந்தார். தொட்டி அறையின் கதவை அவள் தட்டியதும் உள்ளிருந்து தாழ் விலகியது. வாளியும் துணியுமாக ஒருவர் நின்றார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. கதிர்வீச்சை அளக்கும் பட்டை சட்டையில் இல்லை.

“இங்க என்ன செய்றீங்க?”

“ஒழுகுறதத் தொடைக்கேன்மா. மூணு மாசமா இதான் வேல.”

அவள் கதவை அகலத் திறந்தாள். “முதல்ல வெளிய வாங்க. உங்க பேரு என்ன?”

மேலாளர் குறுக்கே வந்தார். “அவன் காண்ட்ராக்ட் ஆளு மேடம். எந்த ரெஜிஸ்டர்லயும் பேரு இருக்காது.” கைபேசியை நீட்டினார். “உங்க டைரக்டர் லைன்ல இருக்காரு.”

அவள் அதை வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு, பேனாவைத் திறந்தாள்.

“பேரச் சொல்லுங்கய்யா.”

கைபேசிக்குள் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் வாளியைக் கீழே வைத்தார்.

“செல்லத்தங்கம்,” என்றார்.