மூன்றாவது பாட்டில்

டிரிப்ஸ் ஏறும் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மறுகையால் தங்கை டம்ளரில் ஊற்றிய கிரான்பெர்ரி ஜூஸைக் குடித்தாள். முகம் அஷ்டகோணலானது.

"விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி ஏன்டி மூஞ்சிய வச்சிருக்க? முழுசையும் குடி," என்றேன்.

இது மூன்றாவது பாட்டில். முதல் தடவை சிறுநீர் போகும்போது எரிகிறது என்றபோது ஒன்று, அடுத்த தடவை ஒன்று. யானை விலை குதிரை விலைதான். கூடப் பிறந்தவளுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது? அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான். படிக்க வைத்தது நான். தையல் ஆலையில் சேர்த்துவிட்டதும் நான்.

இந்த முறை எரிச்சலோடு நிற்கவில்லை. குளிர்காய்ச்சல், வாந்தி, விலாவுக்குப் பின்னால் நிமிர முடியாத வலி. தொற்று சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார்கள்.

டாக்டர் வந்தார். என்னைவிடச் சின்ன வயதுப் பெண். பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது திரும்பத் திரும்ப வர்றத வேணா கொஞ்சம் குறைக்கலாம். வந்துட்டா இது மருந்து இல்ல. தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"எங்க டாக்டர் குடிக்கிறா! காலைல கொண்டுபோற தண்ணி சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருது," என்று முந்திக்கொண்டேன். அவளைக் கேட்டால் நான்தான் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் குடிப்பதில்லை என்று அவளையே கேட்டார். தாகம் எடுக்காது என்றாள். டாக்டர் லேசில் விடுகிற ஆளில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, வேலை நேரத்தில் வந்தால் அடக்கிக்கொள்வீர்களா, கேட்டால் போக விடுவார்களா என்று நிதானமாகக் கேட்டார்.

தங்கை டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. கடிதத் தாளை எடுத்தார். இவருக்குத் தேவைப்படும்போதெல்லாம் கழிவறைக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதித் தருகிறேன், உங்கள் சூப்பர்வைசர் பெயர் என்ன என்றார்.

"வேணாம் டாக்டர். அவங்க நல்லவங்கதான்," என்றாள் தங்கை அவசரமாக.



ஆலையில் நாற்பது மெஷினுக்கு ஒரே ஓர் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிவறைக்குப் போக வேண்டும். கையைத் தூக்கினால் சூப்பர்வைசர் கூப்பிட்டு அட்டையைக் கொடுப்பார். சேர்ந்த புதிதில் தங்கையும் கையைத் தூக்குவாள். அவளுக்குப் பின்னால் தூக்கியவர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகுதான் நான் அவளைக் கூப்பிடுவேன். சில நாள் கூப்பிடவே மாட்டேன். சொந்தத் தங்கைக்கு மட்டும் சலுகை என்று யாரும் நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிடக் கூடாதே.

கொஞ்ச நாளில் அவள் கையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள். சொல்லாமலே புரிந்துகொள்கிற பிள்ளை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பாவி, பெருமைப்பட்டேன்.

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். தங்கை போர்வைக்கு அடியிலிருந்து என் விரலைப் பிடித்து, வேண்டாம் என்பதுபோல அழுத்தினாள். காய்ச்சலில் அவள் கை கொதித்தது.

நான் என் பெயரைச் சொன்னேன்.