வாசலுக்கு வந்த சிரஞ்சீவி

"ஏலாது. கிச்சின் நிலம் வழுக்கும். விழுந்து போவார்."

வேலை செய்கிற எல்லாருக்கும் முன்னால் மிஸிஸ் லாம் சொல்லிவிட்டார்.

வெம்பிளியில் சின்னதொரு சீனச் சாப்பாட்டுக் கடை. வருசம் எண்பத்தேழு.

அம்பலவாணன் ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். சாவகச்சேரியில் விழுந்த ஷெல் அவருடைய வலது காலை முழங்காலோடு கொண்டு போய்விட்டது. லண்டனுக்கு வந்து வேலை கேட்டு எத்தனையோ கடை ஏறி இறங்கிவிட்டார். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி லாம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மனைவியிடம் சீனத்தில் ஏதோ படபடவென்று சொன்னார். சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். எட்டுப் பேர் கடலைக் கடக்கிற படம். அதில் ஒருவர் கந்தல் உடுப்போடு ஊன்றுகோலில் சாய்ந்து நின்றார்.

மிஸிஸ் லாம் படத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். சட்டென்று இரண்டு கையையும் கூப்பினார்.

"நாளைக்கு வரச் சொல்லுங்கோ."

அவரைக் கூட்டிவந்த பாஸ்கரன் அங்கே கோப்பை கழுவுகிறவன். முதலாளியிடம் விசயத்தைக் கேட்டுக்கொண்டு, சிரித்தபடி வாசலுக்கு ஓடி வந்தான்.

"அண்ணை, இவையளுக்கு எட்டுச் சிரஞ்சீவியள் இருக்கினமாம். அதிலை ஒருத்தர் கால் ஏலாத பிச்சைக்காரன் மாதிரி வாசலுக்கு வருவாராம். துரத்தினால் அந்த வீடு விளங்காதாம். நீங்கள்தான் அவராம்!"

"விசர்க் கதை."

"விசரோ என்னவோ, வேலை கிடைச்சிட்டுது. உங்கடை காலை வைச்சுக் கிழவன் அதிட்டம் தேடுறான். இரக்கம் எண்டு மட்டும் நினைச்சுப்போடாதையுங்கோ."

அடுத்த நாள் கவுண்டரில் உயரமான கதிரை ஒன்று போட்டிருந்தது. டெலிபோனில் ஓடர் எடுக்கிற வேலை. சீன வருசப் பிறப்பு வந்தால், மிஸிஸ் லாம் சாமிக்குப் படைக்கிற மாதிரி முதலில் அவர் கையில்தான் இரண்டு தோடம்பழத்தை வைப்பார். அம்பலவாணன் கூனிக் குறுகிப் போவார்.

அந்த வேலையால்தான் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஹரோவில் ஒரு வீடும் அமைந்தது. ஆனாலும் மனதுக்குள் ஒரு முள்.

"சாமி எண்டு நம்பவைச்செல்லோ சோறு தின்னுறன்," என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி வருந்துவார்.

எட்டு வருசம் போனது. லாமுக்கு இருதயத்தில் ஒப்பரேசன். அம்பலவாணன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்றார்.

"மிஸ்டர் லாம், நான் சாமி இல்லை. இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் இருந்திட்டன். மன்னியுங்கோ."

லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அது எனக்குத் தெரியாதோ? நான் கோயில் பக்கமே போகாத ஆள். என்ரை மனிசி ஒருக்கால் ஏலாது எண்டால் ஏலாதுதான். அவ பயப்பிடுறது சாமிக்கு மட்டும். அதுதான் ஒரு பொய் சொன்னன். அவவுக்குச் சொல்லிப்போடாதையும்."

அம்பலவாணன் குனிந்தார். அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வழியனுப்ப மிஸிஸ் லாம் லிஃப்ற் வரைக்கும் கூடவே வந்தார்.

"பொய் சொன்னதைச் சொல்லிப்போட்டாரோ?"

அம்பலவாணன் திடுக்கிட்டார். "உங்களுக்கு… தெரியுமோ?"

"அண்டைக்கே தெரியும். சாமி ஆரும் வேலை கேட்டு வருமோ?"

லிஃப்ற் கதவு திறந்தது. அது மூடாமல் மிஸிஸ் லாம் கையால் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் ஒண்டும் பேசாமல் திரும்பினதைப் பாக்க எனக்கு மனம் கேக்கேல்லை. ஆனால் ஏலாது எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டனே! அதை மாத்த எனக்கும் ஒரு சாமி தேவைப்பட்டுது."